பத்துத் தாளில் ஒரே பேர்

விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே இருந்த சந்தில் அப்பா லாட்ஜ் நடத்திக்கொண்டிருந்ததால் வெள்ளைக்காரர்கள் எனக்கு அதிசயமில்லை. பாண்டிச்சேரிக்கு வண்டி மாறுகிறவர்கள் ரயிலைத் தவறவிட்டால் எங்கள் மாடியில் ஒரு ராத்திரி தங்குவார்கள். காலையில் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு ஒன்பது வயது நடந்தபோது வந்த அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் அப்படிப் போகவில்லை.

வந்த அன்றே அந்த அம்மாவுக்குக் காய்ச்சல். டாக்டரைக் கூட்டிவரட்டுமா என்று அப்பா கேட்டதற்கு அந்த ஆள், வேண்டாம், கார் வைத்துப் பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்கே போய்விடுகிறேன் என்றார். ஆனால் கையில் ரூபாய் தீர்ந்துபோயிருந்தது. மிச்சமெல்லாம் டிராவலர்ஸ் செக். வெளிநாடு போகிறவர்கள் பணத்துக்குப் பதிலாக வாங்கிக்கொண்டு போகிற தாள் அது. வாங்கும்போது மேலே ஒரு கையெழுத்துப் போடவேண்டும். மாற்றும்போது பேங்க்காரர் கண்ணெதிரே கீழே அதே மாதிரி இன்னொன்று போடவேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் ரூபாய். இந்த விவரமெல்லாம் எனக்கு எத்தனையோ வருஷம் கழித்து, நானே வெளிநாடு கிளம்பியபோதுதான் தெரிந்தது. அவர்களிடம் இருந்த பத்துத் தாளும் அந்த அம்மா பேரில் இருந்தன. எழுந்து உட்கார முடியாதவர் பேங்குக்கு எப்படி வருவார்?

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் தன்னோடு டீ குடிக்க வருகிற பேங்க் மேனேஜரிடம் சொன்னார்.

“உடம்பு முடியாத பொம்பளைய இழுத்துக்கினு வரச் சொல்றதா? ரூம்லயே கையெழுத்து போட்டுக் குடுக்கட்டும் சார், நான் பாத்துக்கிறேன்” என்றார் அவர். அந்த நல்ல மனசுக்காக அப்புறம் இரண்டு பேரும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் மத்தியானம் அம்மா என்னிடம் கஞ்சி கொடுத்து அனுப்பினாள். கதவைத் தட்டினேன். அந்த ஆள் ஒரு சாண் திறந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டார். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. சென்ட்டு பாட்டிலை அப்படியே கொட்டிக் கவிழ்த்தது போல் ஒரு வாசனை, மூச்சை அடைத்தது. அந்த அம்மா கழுத்துவரை போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஒரு கை மட்டும் வெளியே கிடந்தது.

மேஜை முழுக்கக் காகிதம். எல்லாவற்றிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே பேர், வரிசை வரிசையாக. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது! எங்கம்மா தினமும் நூற்றெட்டு ஸ்ரீராமஜெயம் எழுதுகிறவள். எனக்குக் காய்ச்சல் வந்தால் ஆயிரத்தெட்டு. பாவம், இவரும் பெண்டாட்டிக்காகத் தங்கள் சாமி பேரை எழுதுகிறார் என்று நினைத்தேன். ஆனால் எழுத்து கன்னாபின்னாவென்று இருந்தது. சாமி பேரை இப்படியா எழுதுவது? நான் கான்வென்ட்டில் நாலு கோடு போட்ட நோட்டில் சேர்த்தெழுதிப் பரிசு வாங்கியவள். பேனாவை வாங்கி, பார்த்து, ஒரே இழுப்பில் எழுதிக் காட்டினேன்.

அவர் அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

கலர் கலரான தாள்கள் வைத்த ஒரு சின்னப் புத்தகத்தை என் முன்னால் விரித்தார். ஒவ்வொரு தாளிலும் மேலே அந்தப் பேர் ஏற்கெனவே இருந்தது. கீழே கோடு காலியாக இருந்தது. அவர்கள் ஊர் ராமஜெய நோட்டு இப்படித்தான் இருக்கும்போல என்று உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு தாளுக்கும், “சாமி, இந்தம்மாவ எழுப்பி வுடு” என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். எழுதுகிறபோது முதுகுக்குப் பின்னால் கட்டிலிலிருந்து அந்த அம்மா என்னையே பார்ப்பது போல் இருந்தது. திரும்பினால், அதே சுவரைப் பார்த்தபடிதான் கிடந்தார். அந்தக் கையில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. விரட்டினேன். மறுபடி வந்து உட்கார்ந்தது. அந்த அம்மா கையை இழுத்துக்கொள்ளவே இல்லை.

முடித்ததும் அந்த ஆள் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று எனக்கும் தெரியும். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

சாயங்காலம் பணத்தை வாங்கிக்கொண்டு, கார் பிடித்து வருகிறேன் என்று போனவரைத் திண்டிவனம் பஸ்ஸில் பார்த்ததாக லாட்ஜ் பையன் சொன்னான். விடிந்தும் அவர் வரவில்லை. அப்பா கதவை உடைத்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, முந்தாநாள் ராத்திரியே உயிர் போயிருக்கும் என்றார்.

விஷயம் கேட்டு மேனேஜர் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். “சார், நேத்து மத்தியானம் போட்ட கையெழுத்து சார்! அச்சு அசல் அந்தம்மா கை. செத்தவங்க எப்பிடி சார் போட்டிருப்பாங்க?”

புருஷன்தான் போட்டிருப்பான் என்றது போலீஸ். ஆனால் அறையில் கிடந்த காகிதங்களில் அவன் போட்டுப் பார்த்தது ஒன்றுகூடத் தேறவில்லை. அப்பா ஸ்டேஷனுக்கும் மேனேஜர் மேலாபீசுக்கும் மாசக்கணக்கில் அலைந்தார்கள். பேஜாருதான். ஊருக்கு அந்தச் சந்தேகமே இல்லை. வெள்ளைக்காரி செத்த பிறகு எழுந்து உட்கார்ந்து பத்துக் கையெழுத்துப் போட்டாள் என்று பஸ் ஸ்டாண்டு வரை பேசினார்கள். லாட்ஜுக்கு ஆள் வருவது நின்றுபோனது.

நானும் நம்பினேன். செக் என்றால் அப்பாவின் டிராயரில் இருக்கிற வெள்ளைத் தாள் என்றுதான் எனக்குத் தெரியும். நான் எழுதியதோ சாமி பேர். மாடிப்படிப் பக்கமே போகாமல், அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தேன். ஒருநாள் சோறு ஊட்டும்போது கேட்டேன்.

“ஏம்மா, அந்தப் பேயி எங்க உக்காந்து எழுதியிருக்கும்?”

“மேஜைலதான்டி. வேற எங்க? வாய மூடிக்கினு சாப்புடு.”

அந்த நாற்காலியில் நானல்லவா உட்கார்ந்திருந்தேன்! நான் எழுந்ததும் அது வந்து உட்கார்ந்ததா, இல்லை நான் எழுதுகிறபோதே என்னை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததா என்று நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.