காணிக்கைத் தொட்டிக்குள் போன கார் சாவி: பெரம்பலூரிலிருந்து விக்கிரமங்கலம் வரை

கடந்த தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாக விக்கிரமங்கலத்துக்கு நானே கார் ஓட்டிச் சென்றேன். இன்னும் துல்லியமாகச் சொல்வதானால், பாதிக்குச் சற்று மேல் ஓட்டிச் சென்றேன். எஞ்சிய தொலைவை ஆட்டோவில் கடந்தேன். அவ்வாறு நேர்ந்ததன் காரணத்தையும் அதற்கான செலவையும், இவ்வழியே காரில் செல்லவிருக்கும் வாசகர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

பயணத்தின் நோக்கம் ஒரு காதணி விழா. என் நாத்தனார் செல்வியின் மூன்று வயது மகள் யாழினிக்கு அன்று காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் அமர்த்தி, தாய்மாமன் வீட்டுத் தோட்டைப் போடுவதே முறை. தாய்மாமன் என் கணவர். பந்தல் வேலைக்கு உதவுவதற்காக அவர் முந்தைய நாளே பேருந்தில் சென்றுவிட்டார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சீர்வரிசைத் தட்டுகளையும் தோட்டையும் கொண்டுவருவது என் பொறுப்பாயிற்று. நல்ல நேரம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. பன்னிரண்டுக்கு எமகண்டம் தொடங்கிவிடும். மேலும், காது குத்தும் ஆசாரிக்கு ஜெயங்கொண்டத்தில் வேறொரு வீட்டிலும் வேலை இருந்ததால், பதினொன்றே முக்காலுக்கெல்லாம் கிளம்பிவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

காலை 6.45க்குப் புறப்பட்டேன். அரியலூர் வரை என் வண்டியின் கணக்குப்படி 32 கிலோமீட்டர். சாலை நன்றாகவே இருக்கிறது. ஆயினும் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக வரும். அவற்றை முந்த அவசரப்பட வேண்டாம். அவற்றின் பின்னால் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பொறுமையாகச் சென்றால் ஐம்பத்தைந்து நிமிடம் ஆகும். எனக்கும் அவ்வளவே ஆயிற்று. அரியலூரில் இரண்டு இட்லி, ஒரு பொங்கல், ஒரு காபி: 95 ரூபாய்.

ஊரைத் தாண்டிச் சில கிலோமீட்டர் தொலைவில் ஒரு பெருமாள் கோயிலில் நிறுத்தினேன். கோயிலின் பெயரைக் குறிப்பிடவில்லை; நடந்த பிழை முழுவதும் என்னுடையது, கோயிலுக்கு அதில் பங்கில்லை. விளைச்சலில் ஒரு பகுதியைக் கொண்டுவந்து காணிக்கையாகக் கொட்டுவது இப்பக்கத்து விவசாயக் குடும்பங்களின் வழக்கம். பணம் போடும் உண்டியலைப் போலவே தானியத்துக்கென ஆள் உயரத் தொட்டி ஒன்று உண்டு. மேலே கம்பி வாய், கீழே பூட்டு, பூட்டுக்கு அரக்கு முத்திரை. எங்கள் காட்டில் அவ்வாண்டு மக்காச்சோளம் நன்றாக விளைந்திருந்தது. ஐந்து கிலோவை ஒரு மஞ்சள் துணிப்பையில் கொண்டு சென்றிருந்தேன்.

இந்த இடத்தில் வாசகர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். கைப்பையைக் காருக்குள் வைத்துப் பூட்டினேன். ஒரு கையில் கைபேசி, மறு கையில் சோளப்பை. சேலையில் சட்டைப்பை கிடையாது. ஆகவே கார் சாவியைச் சோளத்தின் மேலேயே வைத்தேன். படியேறி, தொட்டியின் முன் நின்று, கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். தானியம் விழும் ஒலியின் நடுவே கல் விழுந்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது. சோளத்தில் கல் கலந்திருக்கிறதே என்று வருந்தினேன். அவ்வளவுதான். சாவி என் நினைவுக்கு வந்தபோது நான் காரின் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். மணி 8.55.

கோயில் அலுவலர் ஒருவர் என்னோடு தொட்டிவரை வந்து, கம்பி வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"உள்ளதாங்க கெடக்கும். ஆனா எடுக்க முடியாது. உள்ள விழுந்தது எல்லாம் காணிக்கைக் கணக்கு. சீல உடைக்க மேல இருந்து ஆளு வரணும், ஏலத் தேதி வரணும்."

"எப்போது வருவார்கள்?"

"பங்குனி முடியட்டும்ங்க. நான் கைய விட்டேன்னா அப்புறம் என்னைத்தான் தேடுவாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆளுக்கு ஆள் திறக்கக்கூடிய தொட்டியாக இருந்தால் நான் என் விளைச்சலை அதில் கொட்டியிருக்கவும் மாட்டேன். மனுவாக எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

மாற்றுச் சாவி இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது, அதுவும் தொட்டிக்குள்தான் இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் வண்டி வாங்கிப் பூசை போட்டபோது, இரண்டு சாவிகளையும் சேர்த்து மஞ்சள் கயிற்றால் கட்டித் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். சாமி பாதத்தில் கட்டிய கயிற்றை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. வண்டியின் ஆங்கிலக் கையேட்டை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதற்பக்கம் தொடங்கிக் கடைசிப்பக்கம் வரை தனியே படித்து முடித்தவள் நான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு அது சிறிய காரியம் அன்று. இரண்டாம் சாவியை வேறோர் இடத்தில் வைக்கவும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. படித்தேன், கயிற்றை அவிழ்க்கவில்லை.

கணவரை அழைத்தேன். நடந்ததை அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "தோடு எங்க இருக்கு?" என்றார்.

"காருக்குள்ளே, கைப்பையில்."

"கார் பத்திரமா நிக்குதுல்ல? அப்ப தோடும் பத்திரமாதான் இருக்கு. நீ வர்ற வழியப் பாரு. ஆசாரிய நான் புடிச்சு வச்சிருக்கேன்."

வண்டி விற்கும் நிறுவனமொன்றின் பணிமனையை அழைத்தேன். ஞாயிறு விடுமுறை; அழைப்பை எடுத்த வாயிற்காவலர், திங்களன்று வண்டியை இழுத்து வரவேண்டும், சாவி வரப் பத்து நாளாகும் என்றார். கோயில் வாசலில் பூ விற்ற பெண் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யக்கா, அரியலூர்ல பாய் ஒருத்தர் இருக்காரு. போன மாசம் இதே எடத்துல ஒரு டாக்டர் வண்டிய வந்து தொறந்து குடுத்தாரு. ஞாயித்துக்கெழம கடை உண்டு, வெள்ளிக்கெழம மத்தியானந்தான் மூடுவாரு. நம்பர் தரவா?"

அவர் பெயர் ரஹ்மத்துல்லா. சொந்த ஊர் லெப்பைக்குடிக்காடு. பதினான்கு ஆண்டுகள் சார்ஜாவில் இதே தொழில் செய்துவிட்டுத் திரும்பியவர். சிறு வேனில், பின்புறம் சாவி வெட்டும் இயந்திரத்தோடு 9.50க்கு வந்து சேர்ந்தார். இறங்கியதும் காரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ஆர்சி காட்டுங்கம்மா."

"காருக்குள் இருக்கிறது."

"எல்லாரும் அதான் சொல்வாங்க. போன்ல இருக்கும், பாருங்க."

இருந்தது. அரசின் செயலியில் பதிவுச் சான்றையும் ஆதாரையும் திறந்து காட்டினேன். மங்கையர்க்கரசி என்ற பெயரை இரண்டிலும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். என்னைக் காரின் எண் பலகைக்கு அருகே நிறுத்தி ஒரு படமும் எடுத்துக்கொண்டார். எனக்குச் சற்றுக் கோபம்தான் வந்தது. என் சொந்த உழைப்பில் வாங்கிய வண்டிக்கு முன்னால் குற்றவாளியைப் போல் நிற்கிறேனே என்று எண்ணினேன். பிறகு யோசித்தபோது, இவ்வளவும் கேட்காமல் ஒருவர் என் காரைத் திறந்திருந்தால் அதுவல்லவா அஞ்சத் தக்கது என்று தோன்றியது.

மெல்லிய கம்பிக் கருவி ஒன்றைக் கதவுப் பூட்டில் நுழைத்து, காதைச் சாய்த்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பள்ளங்களை ஒவ்வொன்றாக எண்ணித் தாளில் குறித்தார். 10.15க்குக் கதவு திறந்தது. அபாய ஒலி எழும்பி, பூக்காரப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள். கைப்பை வைத்த இடத்தில் இருந்தது. தோடும் இருந்தது.

"இனிமேல் எவ்வளவு நேரமாகும்?" என்றேன்.

"கதவுச் சாவி பத்து நிமிஷம். ஆனா அதுல வண்டி கெளம்பாது. சாவித் தலைக்குள்ள ஒரு சிப்பு இருக்கணும், அத வண்டியோட கம்ப்யூட்டர் ஒத்துக்கணும். ரெண்டு சாவியும் போயிட்டதால மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். ஒன்றரை மணி நேரம் வச்சுக்குங்க."

பத்தேகாலோடு ஒன்றரை மணி நேரம் என்றால் பதினொன்றே முக்கால். அதன் பிறகு 21 கிலோமீட்டர். ஆசாரி போய்விடுவார், எமகண்டம் வந்துவிடும். தாய்மாமன் வீட்டுத் தோடு வராமல் விழா நின்றது என்று செல்வியின் புகுந்த வீட்டில் பேரப்பிள்ளைகள் காலம்வரை சொல்வார்கள்.

"நான் ஆட்டோவில் போய்விட்டு வருகிறேன். நீங்கள் இங்கே முடித்து வையுங்கள்."

அவர் தலையை அசைத்தார். "ஓனர் இல்லாம மெஷின மாட்ட மாட்டேன்மா. நீங்க அந்தப் பக்கம் போனதும் நான் மூணாவதா ஒரு சாவி பண்ணி பாக்கெட்ல போட்டுக்கிட்டா உங்களுக்குத் தெரியவா போகுது?"

"நீங்கள் அப்படிச் செய்கிறவராகத் தெரியவில்லை."

"நான் நல்லவன்னு நீங்க நம்பணும்னு இல்ல. பக்கத்துல நின்னு பாத்தீங்கன்னா போதும். இப்ப கதவுக்கு மட்டும் சாவி வெட்டித் தாரேன். பூட்டிட்டுப் போங்க. மூணு மணிக்கு வாங்க, நானும் வரேன்."

வெட்டிக் கொடுத்த சாவியால் காரைப் பூட்டினேன். 10.35க்கு ஆட்டோ கிளம்பியது. கட்டணம் 550 ரூபாய், பேரம் பேச எனக்கு நேரமில்லை. ஏழு சீர்த் தட்டுகளில் மூன்று என் மடியில், நான்கு காலடியில். தேங்காய் ஒன்று உருண்டு ஓட்டுநரின் காலைத் தட்டியபோது அவர், "யம்மா, நான் மெதுவாவே போறேன், சீரோட பத்திரமா எறங்குங்க" என்றார். வேகமாகப் போகச் சொன்னேன்.

11.20க்கு விக்கிரமங்கலம். பந்தலில் எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வி ஓடிவந்து தட்டுகளை வாங்கினாள்.

"கார்ல வரேன், கார்ல வரேன்னு ஒரு மாசமா சொன்னீங்க. கடைசில ஆட்டோவா அண்ணி?"

"கார் சாமிக்கு காணிக்கையாப் போயிடுச்சாம்" என்றார் உள்ளிருந்த என் கணவர். பந்தலே சிரித்தது. அவர் மடியில் யாழினி ஏற்கெனவே அமர்ந்திருந்தாள். தலை மழித்துச் சந்தனம் பூசியாயிற்று. ஆசாரிக்கு இரண்டு முறை காபி கொடுத்து நிறுத்தி வைத்திருந்தார்கள். 11.30க்கு முதல் காது, அடுத்த நிமிடம் இரண்டாவது. அவள் அழுத அழுகையில் என் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிற்று.

சாப்பிட்டுவிட்டு, கணவரும் நானும் 1.40க்கு நகரப் பேருந்தில் ஏறினோம். எனக்குக் கட்டணமில்லை, அவருக்கு மட்டும் சீட்டு. வழியில் அவர் சாவியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் எனக்கு ஒன்று நினைவு இருந்தது. வண்டி வாங்கிய புதிதில் அவர், "ஒரு சாவிய நான் வச்சிக்கிறேனே" என்று கேட்டார். ஓட்டத் தெரியாதவருக்குச் சாவி எதற்கு என்று நான் கேட்டேன். அக்கேள்வியில் இருந்த செருக்கு அன்று எனக்குச் செருக்காகத் தெரியவில்லை. கயிற்றை நான் அவிழ்க்காததற்குப் பக்தி மட்டும்தான் காரணமா என்று அந்தப் பேருந்தில் அமர்ந்து முதன்முறையாக யோசித்தேன்.

மூன்று மணிக்கு நாங்கள் போனபோது கார் விட்ட இடத்திலேயே நின்றது. பாயும் வந்தார். இயந்திரத்தை மாட்டி, திரையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே வேலை செய்தார்.

"பழைய ரெண்டு சாவியும் வண்டியோட ஞாபகத்துல இருக்கு. அழிச்சுடலாமா?"

எனக்குத் தயக்கம். பூசை செய்த சாவிகள். அவை இருப்பதோ பெருமாளின் களஞ்சியத்தில். அதைவிடப் பாதுகாப்பான இடம் எது என்றேன்.

"சோளத்த ஏலம் விட்டா யாரு எடுப்பாங்க, உங்களுக்குத் தெரியுமா? சாவியில ஏதும் மாட்டியிருந்தீங்களா?"

"வண்டி எண் பொறித்த தகடு."

"சரிதான். விலாசத்தோடயே குடுத்திருக்கீங்க."

அழிக்கச் சொன்னேன். திரையில் இரண்டு என்றிருந்த எண் பூச்சியமாயிற்று. அதைக் காண மனம் சற்றுக் கலங்கியது உண்மை. பிறகு ஒன்று ஆயிற்று, மீண்டும் இரண்டு ஆயிற்று. இரு சாவிகளாலும் வண்டியைக் கிளப்பிக் காட்டினார். 4.10க்கு வேலை முடிந்தது.

இவ்வழி செல்வோர் அறிய வேண்டியவை: கதவு திறக்கவும் கதவுச் சாவி வெட்டவும் 800 ரூபாய், சிப்பு வைத்த இரு சாவிகளுக்கும் பதிவுக்கும் 7,200 ரூபாய் கொடுத்தேன். ஒரு சாவியேனும் கையில் இருந்திருந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் முடிந்திருக்கும் என்றார் பாய். பதிவுச் சான்று கைபேசியிலும் இருக்கட்டும். அதைக் கேட்காமலே காரைத் திறக்க முன்வருபவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம். வேலை முடியும்வரை அருகிலிருந்து அகலவும் வேண்டாம். தொலைந்த சாவிகளை வண்டியின் நினைவிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள், எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று திரையில் பாருங்கள். அழித்த பின்னும் பழைய சாவி கதவைத் திறக்கும். ஆகவே பூட்டை மாற்றும்வரை உள்ளே விலையுயர்ந்த பொருள் வைக்கலாகாது. சாவியில் வண்டி எண்ணைத் தொங்கவிட வேண்டாம். பூசை செய்த கயிற்றைக் காரின் கண்ணாடியில் கட்டிக்கொள்ளலாம். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார் என்பது இப்போது என் துணிபு.

இரண்டாம் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் மிச்சம். அன்று பாய் இரு சாவிகளையும் என் உள்ளங்கையில் வைத்தபோது, நான் ஒன்றைத் தனியே எடுத்து என் கணவரிடம் நீட்டினேன். பாய் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றார் அவர், சாவியைச் சட்டைப்பையில் போட்டபடி. "வச்சிருக்கத் தெரியும்."