நான்காவது காரணம்

போட்டோப் பிரதி இன்னும் சூடாக இருந்தது. இறையியல் கல்லூரியில் இன்று காலை விரிவுரையாளர் தந்த தாள்: மொழிபெயர்க்கப்படாமலே நம் ஜெபத்துக்குள் வந்துவிட்ட எபிரேயச் சொற்கள். மூன்றாவதாக ‘ஆமென்’. பக்கத்தில் சின்ன எழுத்தில், அரபியில் ‘ஆமீன்’, ஒரே வேர் என்று இருந்தது. எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். நான் பேனையை மூடிவைத்தேன். களைப்பாக இருந்தது.

சூடான தாளின் மணம் எனக்கு எப்போதும் கல்முனைக் கந்தோரின் மணம். டிப்ளோமா முடித்து இரண்டு வருடம் அந்தக் கட்டட வரைபட அலுவலகத்தில் வீட்டுப் படம் வரைந்தேன். ஓர் அளவு விடுபட்டால் மேசன்மார் அறைக்குக் கதவே வைக்க மாட்டார்கள். அதனால் எதையும் இலக்கமிட்டு எழுதும் பழக்கம் வந்தது. இன்றும் என் ஜெபக் குறிப்பில் 1, 2, 3 இருக்கிறது, சிரிக்க வேண்டாம்.

பக்கத்து மேசை நஸீரா ராத்தாவுடையது. நற்பிட்டிமுனையில் இருந்து வருவார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் எனக்கு ராத்தா, அக்கா. பகல் சோற்றுக்கு முன் நான் ஜெபிப்பேன். அவர் தொழுதுவிட்டு வந்து துஆவுக்குக் கை ஏந்தி ‘ஆமீன்’ என்பார். இருவரும் முடிப்பது பெரும்பாலும் ஒரே நேரத்தில்.

அவருடைய உம்மாவுக்கு இருதய ஆபரேஷன் என்று வந்தபோது, “உங்கட கோயில்லயும் துஆக் கேளுங்க தங்கச்சி” என்றார். ஞாயிறு ஆராதனையில் எழுந்து கேட்டேன். முழுவதும் சபைத் தமிழ்தான். கடைசியில் மட்டும் வாய் கந்தோருக்குப் போய்விட்டது. “ஆமீன்” என்றேன்.

பதினொரு குடும்பச் சபை. பின்வரிசை அன்ரி ஒருவர், “அடுத்த கிழம முக்காட்டோடதான் வருவா போல” என்றார். எல்லாரும் சிரித்தோம், நான் உட்பட. அதோடு முடிந்திருக்கும். ஆனால் இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சபையின் சிபாரிசுக் கடிதம் எனக்குத் தேவைப்பட்டதும் அந்த மாதம்தான். சபைச் செயலாளர் கடிதத்தைத் தராமல், ‘ஆமீன்’ சொன்னதற்கு எழுத்தில் விளக்கம் கேட்டார். நான்கு காரணம் எழுதினேன். நாக்குத் தவறியது. உள்நோக்கம் இல்லை. இனிக் கவனமாக இருப்பேன். நான்காவது: இரண்டும் ஒரே சொல்.

செயலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நான்காவதில் விரலை வைத்தார். கெட்ட மனிதர் அல்ல.

“மகள், இது உண்மையா இருக்கலாம். ஆனா இத வச்சிக்கிட்டுக் கடிதம் குடுக்க ஏலா.”

வெட்டினேன். கடிதம் கிடைத்தது.

உம்மா தேறி வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் ராத்தா வட்டிலப்பம் கொண்டுவந்தார். கல்முனை சின்ன ஊர். நான் வெட்டிய வரி உட்பட எல்லாக் கதையும் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

“விடுங்க தங்கச்சி. என்னால உங்களுக்குக் கரச்சல் வேணாம்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன். அன்றிலிருந்து நான் ஜெபித்து முடிக்கும்வரை வெளியே நின்றுவிட்டு, பிறகு வந்து சோற்றைப் பிரித்தார்.

அந்தக் கந்தோர் இப்போது கைத்தொலைபேசிக் கடை. சபையில் ஆறு குடும்பம். நஸீரா ராத்தா கணவரோடு கட்டாரில். வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்: மகனுக்குக் காய்ச்சல், கணவரின் வேலை போகும் போல, ஊரில் உம்மாவுக்கு மறுபடி மூச்சு வாங்குகிறது. எல்லாம் எழுதுகிறார். துஆக் கேட்கச் சொல்வதில்லை.