கான்கிரீட் காத்திருக்காது

பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு எதிரே புதுக் கட்டடம் எழும்புகிறது. பாரம் தூக்கும் விஞ்சு கிரீச்சிட்டால் கிள்ளான் துறைமுகத்துச் சைலோக் கோபுரந்தான் நினைவுக்கு வருகிறது.

அப்போது நான் பள்ளிச் சிறுமி. அந்தச் சைலோவுக்கு விஞ்சில் கான்கிரீட் வாளியை மேலே ஏற்றியவர் அப்பா. சைலோவுக்குக் கான்கிரீட் வார்க்கும் அச்சு இராப்பகலாக உயர்ந்துகொண்டே போகும். நிறுத்தினால் கான்கிரீட் இறுகி அச்சைப் பிடித்துக்கொள்ளும். தாத்தா செத்த அன்று, மூத்த மகனான அப்பா கொள்ளி வைக்கப் போக அனுமதி கேட்டார். வேலையை மேற்பார்த்த மண்டோர் விடவில்லை.

"பொணம் காத்திருக்கும், கான்கிரீட் காத்திருக்காது லா."

சித்தப்பாதான் கொள்ளி வைத்தார்.

பிறகு மண்டோர் மகளுக்குக் கல்யாணம். அன்றைக்கும் அந்த ஆளுக்கு வேலையை மேற்பார்க்காமல் இருக்க முடியவில்லை. பட்டுவேட்டியோடு, விஞ்சில் மாட்டிய ஆள் ஏறும் கூடையில் மேலே போனார். அப்பா கூடையைக் கழற்றி வாளியை மாட்டினார்.

"டேய், கூடைய அனுப்புடா, முகூர்த்தம் ஆயிருச்சு."

"தாலி காத்திருக்கும் அண்ணே, கான்கிரீட் காத்திருக்காது லா."

மண்டோர் ஏணியில் இறங்கி, சிமெண்ட் அப்பிய வேட்டியோடு கோயிலுக்குப் போவதற்குள் தாலி கட்டி முடிந்திருந்தது.

அன்று மாலை அப்பா கோழி வாங்கி வந்தார்.

"என்னங்க விசேஷம்?" என்றாள் அம்மா.

"மண்டோர் வீட்டுக் கல்யாணம்."

எலும்பைக்கூட விடாமல் கடித்துத் தின்றோம்.

எதிரே விஞ்சு மறுபடி கிரீச்சிடுகிறது. எனக்குப் பசிக்கிறது.