புழுக்கொடியலும் ஐஸ் கட்டியும்

உடம்பைக் குறைக்க வேண்டும் என்று போய் உட்கார்ந்த முதல் நாளில், இங்கே நோர்வேயில் எங்கள் ஊர்க் கிளினிக்கின் தாதி கேட்ட கேள்வி எனக்குச் சரியாக விளங்கவில்லை. பின்னேரங்களில் நீங்கள் 'கூசெர்' பண்ணுவதுண்டா என்று கேட்டாள். ஓம், ஒவ்வொரு நாளும், இரண்டு மாடி என்றேன். இரண்டு மாடியா என்று அவள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பள்ளிக்கூடத்தின் இரண்டு மாடிகளையும் நான்தான் பெருக்குகிறேன் என்று விளக்கினேன். என் காதில் விழுந்தது 'கொஸ்தெர்'. அது பெருக்குவது. இந்த நாட்டு மொழியை நான் வகுப்பறையில் படித்ததைவிடத் தும்புத்தடியோடு நின்று படித்ததுதான் அதிகம். அதனால் எந்தச் சொல்லும் எனக்கு முதலில் வேலையாகத்தான் கேட்கும். அவள் சிரித்துச் சிரித்து, பிறகு பொறுமையாகச் சொல்லித் தந்தாள். கூஸ் என்றால் இருட்டு விழுந்த பிறகு ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி, போர்வையைப் போர்த்துக்கொண்டு, பிடித்ததைக் கொஞ்சம் சாப்பிட்டு, மனிதர் தம்மைத் தாமே உபசரிப்பது. வட நோர்வேயில் இத்தனை வருடம் இருந்தும் இப்படி ஒன்று இருப்பதை நான் அறியவில்லை. ஆனால் அதைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறேன், பெயர் தெரியாமல். வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றியதும் ஒரு பை உருளைக்கிழங்குச் சிப்ஸ், பிறகு பழுப்பு நிறச் சீஸ் வைத்த பாண், பிறகு என் பிள்ளைகள் மிச்சம் விட்ட சொக்கிலேற். ஜன்னலுக்கு வெளியே மூன்று மணிக்கே இருட்டியிருக்கும். வாய் அசைந்துகொண்டிருந்தால் இருட்டு கொஞ்சம் தள்ளி நிற்பது போலத் தோன்றும்.

தாதி சொன்னாள், பின்னேரத்தில் ஒன்றுமே சாப்பிடாமல் விட்டுவிடாதீர்கள், அப்படி விட்டவர்கள்தான் பிறகு குளிர்ப்பெட்டியைக் காலி பண்ணுவார்கள். சின்னதாக ஒன்று. உட்கார்ந்து, மெதுவாக, பல்லுக்கு வேலை வைக்கிற ஏதாவது. எனக்கு உடனே ஞாபகம் வந்தது புழுக்கொடியல். பனங்கிழங்கை அவித்து வெயிலில் காயப்போட்டது, கல்லுப் போல இருக்கும், ஒரு துண்டைச் சப்பி முடிக்க நேரம் எடுக்கும் என்று சொன்னேன். காய்ந்த கிழங்கா, மிக நல்லது என்று அவள் எழுதிக்கொண்டாள்.

நான் அங்கே போய் உட்கார்ந்தது அழகுக்காக அல்ல. நான் பிறந்த ஊரான விடத்தல்தீவில் இருக்கும் என் தம்பி அருளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. அப்பாவுக்கு இருந்த சர்க்கரை அவனுக்கும் வந்தது. கடலுக்குப் போகிறவன், காலில் வந்த வீக்கத்தை உப்புத்தண்ணீர் என்று நினைத்து விட்டுவிட்டான். மனைவி றீற்றாவின் இரத்தம் பொருந்தவில்லை. பிள்ளைகளிடம் கேட்பதில்லை என்று அவன் முதல் நாளே சொல்லிவிட்டான். என்னுடையது பொருந்தியது. பரிசோதனைக்காகப் போனபோது கொழும்பில் பார்த்த பெரிய டொக்டர், எல்லாம் சரி, ஆனால் இந்த நிறையோடு உங்கள் உடம்பில் கத்தி வைக்க முடியாது, பத்துக் கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். குறைக்கும் வரை நோர்வேயில் இருந்திருக்கலாம். ஆனால் அந்த இருட்டிலும் அந்தச் சிப்ஸ் பைகளின் நடுவிலும் என்னால் முடியாது என்று எனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுமுறை கேட்டு வாங்கினேன். கணவர், போய் உன் தம்பியோடு இரு, இங்கே நான் சமைத்துக்கொள்வேன் என்றார். ஊருக்குப் போய்ப் பட்டினி கிடக்கப் புறப்பட்ட முதல் வெளிநாட்டுக்காரி நானாகத்தான் இருக்கும்.

றீற்றா வீட்டின் பின்பக்கம் கண்டல் மரங்களைப் பார்த்தபடி இருக்கும். வெயில் தாழ்ந்ததும் அங்கே இரண்டு கதிரைகளைக் கொண்டுவந்து போடுவாள். எனக்கு ஒரு சின்னத் தட்டில் புழுக்கொடியல் துண்டு, பக்கத்தில் விரல்நுனி அளவு தேங்காய்ச்சொட்டு. அருளுக்கு ஒரு கிண்ணத்தில் ஒரேயொரு ஐஸ் கட்டி. அவனுக்குத் தண்ணீர் அளவு. ஒரு நாளைக்குக் குடிக்கக்கூடியதைக் காலையிலேயே றீற்றா ஒரு போத்தலில் ஊற்றி வைத்துவிடுவாள். இளநீர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, கருவாடு ஆகாது, எங்கள் கிழங்கும் ஆகாது. ஆஸ்பத்திரியில் ஒரு தாதிப் பிள்ளை சொல்லிக் கொடுத்திருக்கிறாள், தாகத்துக்குத் தண்ணீர் குடியாமல் ஐஸ் கட்டியை வாயில் வைத்திருங்கள், கொஞ்சத் தண்ணீர் நிறைய நேரம் இருக்கும் என்று. றீற்றா அதில் ஒரு துளி தேசிக்காய்ச்சாறு விட்டு உறையவைப்பாள்.

"மீனுக்கு ஐஸ் போட்டுப் போட்டுக் கை விறைச்சவன் நான். இப்ப என்னைப் பழுதாகாமல் வைக்க ஐஸ் போடுறாள்" என்றான் அருள் முதல் நாள்.

"கதையாதை, கரைஞ்சிடும்" என்றேன்.

"நீ சப்புற சத்தம் வேலி முருங்கை மரம் வரைக்கும் கேக்குது அக்கா. மெள்ளச் சப்பு."

"மெள்ளத்தான் சப்பச் சொன்னவை."

அதுதான் எங்கள் கூஸ். நான் அந்தச் சொல்லை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு பின்னேரமானால் அவனே, "றீற்றா, கூசுக்கு நேரமாச்சு" என்று கூப்பிடத் தொடங்கினான். ஆச்சரியம் என்னவென்றால், அந்த ஒரு துண்டு எனக்குப் போதுமாக இருந்தது. நோர்வேயில் ஒரு முழுப் பை தராததை அது தந்தது. முதலில் மண்ணும் புகையும் கலந்த ஒரு வாசம், பிறகு மெல்லிய இனிப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு கசப்பு. அவனுடைய ஐஸ் முடியும்போது என்னுடையதும் முடிய வேண்டும் என்று இருவருக்கும் சொல்லாத ஓர் ஒப்பந்தம் இருந்தது. அவன் கன்னம் ஒரு பக்கம் வீங்கி இருக்க, கண்ணை மூடி ஐஸைக் காப்பாற்றிக்கொண்டிருப்பான். அப்போது அவன் நோயாளி போலவே இருக்கமாட்டான்.

ஊருக்கு இதை விளங்கப்படுத்த முடியவில்லை. நான் வாழும் நாட்டில் மெலிந்தவரைப் பார்த்தால் வாழ்த்துவார்கள். விடத்தல்தீவில் துக்கம் விசாரிப்பார்கள். பக்கத்து வீட்டு ஞானம்மா அக்கா நான் வந்த கிழமை, "நல்லா இருக்கிறாய் பிள்ளை, குளிர்நாடு உனக்கு ஒத்துப்போச்சு" என்று என் கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தவர், இரண்டு மாதம் கழித்து வேலியடியில் நின்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உனக்கு என்ன வருத்தம் மோனை? எங்களுக்குச் சொல்லக்கூடாதோ?"

"எனக்கு ஒண்டுமில்லை அக்கா. நானாத்தான் குறைக்கிறன்."

"ஓம், ஓம். அப்படித்தான் சொல்லோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னேரம் ஒரு கோப்பை புட்டும் நண்டுக் குழம்பும் வந்தது. அடுத்த நாள் ஒடியற்கூழ். ஞாயிறு பூசையில் நோயாளிகளுக்காக மன்றாடும்போது பாதர் வாசித்த பெயர்களில் அருளின் பெயருக்கு முன்னால் என் பெயர் இருந்தது. எனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்த றீற்றா திரும்பி என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது அருள் இருமி இருமிச் சிரித்தான்.

"என்ரை இடத்தையும் பிடிச்சிட்டாய். ஆண்டவர் இப்ப ஆரைப் பாக்கிறது எண்டு குழம்பப் போறார்."

அந்த மாதங்களில் நாங்கள் இருவருமே சுருங்கிக்கொண்டு வந்தோம். எனக்குச் சட்டைகள் தொளதொளத்தன. அவனுக்கு மணிக்கூடு கையில் நிற்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் அவனோடு பஸ்ஸில் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போவேன். பாலம் ஏறும்போது இரண்டு பக்கக் கடலையும் பார்ப்பான், எந்தப் பக்கம் காற்று, யாருடைய வள்ளம் என்று சொல்வான். இரத்தம் சுத்தப்படுத்தித் திரும்பும்போது ஒன்றும் பார்க்கமாட்டான், என் தோளில் தலையைச் சாய்த்துக்கொள்வான். பஸ்ஸில் எதிரே இருந்த ஒரு பெண் ஒரு தரம் அவனை என் அப்பாவா என்று கேட்டாள். நான் அவனைவிட மூத்தவள். அவனுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நிறை இறங்கிவிட்டது. டொக்டர் சொன்னதற்குக் கொஞ்சம் கூடவே இறங்கியிருந்தது. றீற்றாவும் நானும் கொழும்புக்குப் போனோம். நிறை பார்க்கும் மெசினில் நான் ஏறியபோது அவள் கண்ணை மூடிச் செபம் சொன்னாள். இறங்கியதும் என்னைக் கட்டிப்பிடித்தாள். இரத்தம் எடுத்தார்கள், வெறும் வயிற்றில் ஒரு தரம், சீனித்தண்ணீர் குடிக்கத் தந்து பிறகு இன்னும் இரண்டு தரம். ஸ்கான் எடுத்த பெண், இரண்டு சிறுநீரகமும் நல்ல வடிவாக இருக்கிறது, எடுத்தால் இடது பக்கத்தைத்தான் எடுப்பார்கள் என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். அதற்கு அடுத்த நாள் டொக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். சிங்களவர், மெதுவான ஆங்கிலத்தில் பேசினார். பக்கத்தில் நின்ற தாதி தமிழில் சொன்னாள்.

"நிறை குறைச்சது மிச்சம் நல்லது எண்டு சொல்றார். ஆனா உங்களுக்குச் சர்க்கரை தொடங்கியிருக்குதாம்."

"நான் சீனியே தொடுறதில்லை" என்றேன்.

அவள் சொன்னாள். அவர் தலையசைத்தார். "குடும்பத்தில இருக்கிறதுதானே எண்டு கேக்கிறார். இரண்டு கிட்னியோட நீங்கள் மருந்தெடுத்து நல்லா இருப்பீங்களாம். ஒண்டை எடுத்தால் பேந்து நீங்களும் தம்பி படுத்திருக்கிற கட்டிலுக்கு வருவீங்களாம். அதைத் தன்னாலை செய்ய ஏலாதாம்."

"பரவாயில்லை எண்டு சொல்லுங்கோ. எனக்குச் சம்மதம் எண்டு சொல்லுங்கோ."

அவள் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்காமலே அவருக்கு விளங்கியது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, "சொறி" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மதவாச்சி தாண்டியதும், வேறு ஆராவது கிடைப்பினம் என்றாள் றீற்றா. ஓம் என்றேன். இருவருக்கும் தெரியும், எங்களுக்குக் கேட்க வேறு ஆள் இல்லை. வீட்டுக்கு வந்தபோது அருள் பின்பக்கக் கதிரையில் இருந்தான். நான் சொல்ல வாயெடுக்க முன்னமே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி அக்கா. உடுப்பை மாத்திப்போட்டு வா" என்றான்.

அடுத்த நாள் காலை தானே கரைக்கு மெல்ல நடந்து போய் இறால் வாங்கிக்கொண்டு வந்தான். பின்னேரம் றீற்றாவிடம் இறால் வடை சுடச் சொன்னான். பால் தேத்தண்ணி போடச் சொன்னான், சீனி போட்டு. அவனுக்கு அது ஆகாது என்று நான் தொடங்க, "எனக்கில்லை. உனக்கு" என்றான். "எனக்காகத்தானே வாயைக் கட்டினனி. இனி ஏன்? சாப்பிடு."

"இப்பதானே சர்க்கரை எண்டு சொல்லியிருக்கினம்."

"நாளையிலிருந்து பார். இண்டைக்குச் சாப்பிடு. நான் பாக்கோணும்."

வடை சூடாக இருந்தது. மேலே ஒரு முழு இறால், வாலோடு. நான் கடித்தேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உப்பு?"

"காணும்."

"உறைப்பு?"

"கொஞ்சம் கூட."

"இறால் கடிபடுதோ?"

"ஓம். நல்ல பச்சை இறால்."

நான் விழுங்கும்போதெல்லாம் அவன் தொண்டையும் ஏறி இறங்கியது. அடுக்களைக்குள் றீற்றா எண்ணெய்ச் சட்டியை இறக்கிய சத்தம் கேட்டது, பிறகு அவள் வெளியே வரவேயில்லை. மாதக்கணக்காக நான் ஆசைப்பட்டது அது. அதில் ஒரு ருசியும் எனக்குத் தெரியவில்லை. உப்பையும் உறைப்பையும் அவனுக்காகத்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். மூன்றாவதில் பாதி என் கையில் நின்றுவிட்டது. "காணும் அக்கா, வை" என்றான், சாப்பிட்டு முடித்தவன் போல. அன்றைக்கு அவனுடைய ஐஸ் கட்டி கிண்ணத்திலேயே கரைந்தது. கரைந்த தண்ணீரையும் அவன் குடிக்கவில்லை. கண்டல் பக்கத்திலிருந்து கொக்குகள் எழும்பிப் போன பிறகும் இருவரும் அப்படியே இருந்தோம்.

விடுமுறை முடிந்து நான் திரும்பிவிட்டேன். அருளுக்கு இப்போது வாரத்தில் மூன்று தரம் இரத்தம் சுத்தப்படுத்துகிறார்கள். தொலைபேசியில் மூச்சு முதலில் வருகிறது, பேச்சு பிறகு வருகிறது. சில நாட்களில் மூச்சு மட்டும் வருகிறது, றீற்றா வாங்கிப் பேசுகிறாள். போன கிழமை கிளினிக்குக்குப் போனேன். அதே தாதி. என்னை மெசினில் ஏற்றிவிட்டு 'ஃப்ளிங்க்' என்றாள், கெட்டிக்காரி என்று. தம்பிக்குக் கொடுத்துவிட்டீர்களா என்று வெகு ஆவலாகக் கேட்டாள். 'நெய்' என்றேன், இல்லை என்று. முடியாமற்போன காரணத்தையும் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அவள் என் கையைத் தொட்டு, இந்த நிறையை இப்படியே வைத்திருந்தால் உங்கள் இரண்டு சிறுநீரகங்களும் நெடுங்காலம் நன்றாக இருக்கும் என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது பின்னேரங்களில் எனக்கு ஒன்றும் சாப்பிடத் தோன்றுவதில்லை. முயலாமலே நிறை இறங்குகிறது. வேலை முடிந்து வந்து விளக்கைப் போடாமல் கதிரையில் இருக்கும்போது, கை தானாக இடது விலாவுக்குக் கீழே போகிறது. கொழும்பில் திரையில் காட்டிய நாளிலிருந்து அதை நான் என்னுடையது என்று நினைக்கவில்லை. விடத்தல்தீவுக்குக் கொடுத்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். அது இங்கே, வெளியே பனி கொட்டுகிற ஒரு வீட்டுக்குள், நோர்வேக் குழாய்த் தண்ணீரை வடித்துக்கொண்டு, ஒரு குறையுமில்லாமல் வேலை செய்கிறது.