ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு கினிப்பன்றிகள்

வெள்ளைக் கினிப்பன்றியின் இடக்காதில் மருதாணிச் சிவப்பு. காசநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த நாட்களில் நான் பார்த்த அழகான பொருள் அது ஒன்றுதான். அப்போது நான் கடல் கடந்து வந்து, சிராங்கூன் சாலையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். வெறும் ஈயத்தூசி இருமல் என்று அலட்சியமாக இருந்தேன். ஒருநாள் எழுத்துப் பெட்டியின் மேலேயே இரத்தம் துப்பினேன்.

ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் விலங்குகளைப் பார்த்துக்கொண்டவர் நாகூர்ப் பக்கத்து மரைக்காயர். எங்களுக்கெல்லாம் கூண்டு மாமா. காய்ச்சல் இல்லாத நாட்களில் என்னை வாசலில் உட்கார விடுவார். துரைக்கு, அதாவது எங்கள் வெள்ளைக்கார டாக்டருக்கு, ஓர் எண்ணம் இருந்தது: தமிழன் குடியிருக்கும் சந்துகளில் வளரும் காசக்கிருமி கொடியது; பக்கத்து வார்டு வெள்ளைக்கார கிளார்க்கின் கிருமி சாது. அதை நிரூபிக்க, ஒரே தாய் போட்ட இரண்டு குட்டிகளில் ஒன்றுக்கு என் சளியையும் மற்றதற்கு கிளார்க்கின் சளியையும் ஊசியில் ஏற்றினார். என்னுடையது கொடியது என்று முடிவானால் அடுத்த கப்பலில் என்னை ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். நடுக்கடலில் செத்தால் சாக்கில் சுற்றித் தள்ளுவார்கள். முடிவு தெரியும் முன்பே கப்பல் பட்டியலில் என் பெயரை எழுதிவிட்டார், மகராசன்!

மாமாவுக்கு அடையாளச் சீட்டுகள் மேல் நம்பிக்கை கிடையாது. கூண்டில் கட்டினால் பன்றியே தின்றுவிடும். அதனால் ஊசி போட்ட கையோடு என் குட்டியின் காதில் மருதாணி அப்பினார். "கல்யாணம் எப்போது?" என்று துரை மலாயில் கேட்டுச் சிரித்தார்.

சில வாரங்களில் கிளார்க்கின் குட்டி இளைத்துச் செத்தது. என்னுடையது கொழுகொழுவென்று புல் தின்றது. அதையும் கொன்று இரண்டையும் அறுத்தார்கள். மாமா எனக்கு நுரையீரல்களைக் காட்டினார். ஒன்று முழுக்க அழுகிச் சீழ். மற்றதில் கடுகு போலச் சில கட்டிகள், அவ்வளவுதான்.

"ரெண்டு உடம்பும் சண்டை போட்டிருக்கு தம்பி. உங்க கிருமி மெத்தனம். அதைச் சுத்திச் சுவர் கட்ட நேரம் கெடச்சுது. அந்தக் கிளார்க்கோடது முரடு. போட்ட சண்டையில உடம்பு சொந்த வீட்டையே இடிச்சுக்கிடுச்சு."

துரை ஒப்புக்கொள்ளவில்லை. "கூண்டை மாற்றிவிட்டாய்" என்று மாமாவிடம் கத்தினார். மாமா பதறாமல், அறுபட்ட என் குட்டியின் சிவந்த காதை விளக்கடியில் நிமிர்த்தினார்.

"அன்னைக்கு இந்த மருதாணியப் பாத்து நீங்கதானே சிரிச்சீங்க துரை? ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளை, ஒரே புல்லு. இதுல எது தமிழன் நெஞ்சு, எது வெள்ளைக்காரன் நெஞ்சு? நீங்களே சொல்லுங்க."

துரை பட்டியலை எடுத்து என் பெயரை அடித்தார். மன்னிப்பு? அதெல்லாம் அவர்கள் வழக்கத்தில் இல்லை. கிளார்க் பாவம், மாதம் திரும்புமுன் இறந்தார். மாமா அவருக்காகக் கண்கலங்கினார். வாய்த்துடுக்கு என்று சொல்லி மாமாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. மழைக்காலத்தில் நெஞ்சு கொஞ்சம் கரகரக்கும், இருமிக்கொண்டே அச்சகத்துக்கு நடப்பேன். அந்தத் துரை தம் ஊருக்குக் கப்பலேறி எத்தனையோ வருஷமாயிற்று. நான் ஏறவில்லை.