முதுகு காட்டி நிற்கும் பெண்கள்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, காலை வெயிலில் கடலும் வானமும் ஒரே வெள்ளையாகக் கிடக்கின்றன. டப்ளினில் வாங்கிய பழைய அயர்லாந்து அஞ்சலட்டையை, காலிக் கூடையோடு மணலில் காத்திருக்கும் மீன்கார அக்காவிடம் காட்டுகிறேன். படத்தில் மூன்று பேர் படகைக் கவிழ்த்துத் தலையில் சுமந்து கரையேறுகிறார்கள். பின்னால், சால்வை போர்த்திய பெண்கள் முதுகு காட்டி நிற்கிறார்கள்.

“சந்தோஷமாத் திரும்புறாங்க, இல்லக்கா?”

“இன்னா சந்தோசம்? பொம்பளைங்க இன்னும் கடலயே பாத்துகினு கீறாங்க பாரு. இன்னொரு போட்டு வர்ல, எங்க வூட்டுக்காரரு போட்டு மாதிரியே.”

அட்டையைத் திருப்பித் தரும்போதும் அவர் கண் கடலில்தான் இருக்கிறது.

“படம் புடிச்சவரு, அந்த போட்டு வர்ற வரிக்கும் நின்னாரா?”

 நான் பிடிக்க வேண்டிய திருக்கழுக்குன்றம் பேருந்தை விட்டுவிட்டு, அக்கா பக்கத்தில் உட்கார்கிறேன்.