ஹரூகோவின் பத்தாவது கண்ணாடி

கோரிப்பாளையம் தர்காவைத் தாண்டினால் இடது கைப்பக்கம் நஜீமின் மூக்குக்கண்ணாடிக் கடை. பலகையில் கடைப் பெயருக்குக் கீழே, அதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில், ‘மதுரை – ஹமானே நட்பு நகர மன்றம்’ என்று எழுதியிருக்கும். சிக்னலில் நிற்கிறவர்கள் அதைப் படித்துவிட்டு ஏதோ சீட்டுக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

ஹமானே ஜப்பானில் ஒரு கடலோரச் சிற்றூர். மாநகராட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அங்கே கொஞ்சம் பேர், இங்கே கொஞ்சம் பேர், இரண்டு ஊரும் உடன்பிறப்பு மாதிரிப் பழகுவது என்று 2006-இல் தாங்களாகவே ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அதற்காக வந்தவர்களில் ஒருவர் ஹரூகோ டீச்சர். ஷேர் ஆட்டோவில் ஏறும்போது அவர் கண்ணாடி கீழே விழ, பின்னால் வந்த டவுன் பஸ் அதன்மேல் ஏறிப் போனது. நஜீம் ஒரு மணி நேரத்தில் வேறு கண்ணாடி செய்து கொடுத்தார். டீச்சர் மூன்று முறை குனிந்து வணங்கினார். பதிலுக்குக் குனிந்த நஜீம் ஷோகேஸில் நெற்றியை இடித்துக்கொண்டார். நட்பு அப்படித்தான் ஆரம்பித்தது.

அதற்கப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை டீச்சர் தன் பவரை எழுதி அனுப்புவார். இங்கிருந்து கண்ணாடி போகும். மதுரை மன்றத்தில் முப்பது பேர் இருந்தார்கள். சிலர் வெளிநாடு போனார்கள், சிலர் போய்ச் சேர்ந்தார்கள், மற்றவர்கள் சும்மா வராமல் போனார்கள். கடைசியில் நஜீமும், சமயநல்லூரில் இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் கண்ணுச்சாமியும்தான் மிச்சம். ஹமானே போகவென்று எடுத்த பாஸ்போர்ட்டை நஜீம் ஒரு தடவை புதுப்பித்தும் விட்டார். அதில் ஒரு முத்திரை கிடையாது.

‘இருபதாம் வருஷத்துக்கு நானே வருகிறேன், பிப்ரவரியில், உடம்பு இடம் கொடுத்தால்’ என்று போன வருஷம் டீச்சர் எழுதியிருந்தார். கடைசி மூன்று சொல்லை நஜீம் கணக்கில் எடுக்கவில்லை. டீச்சர் என் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று கண்ணுச்சாமி ஒற்றைக் காலில் நின்றார். வீட்டில் புதிதாக வெஸ்டர்ன் டாய்லெட்டும் கட்டிவிட்டார்.

“அஞ்சு வருசமா முட்டி வலிக்குதுன்னு கத்துறேன், கட்டலை. ஜப்பான்காரிக்குன்னா ஒரே மாசத்துல எந்திரிச்சிருச்சு” என்று அவர் மனைவி சுந்தரம்மாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

வருஷா வருஷம் ஜனவரியில் டீச்சரிடமிருந்து வாழ்த்து அட்டை வரும். புலி, முயல், பாம்பு என்று அந்த வருஷத்துக்குரிய விலங்கு அச்சாகியிருக்கும். ஜப்பான் எழுத்துக்குக் கீழே பேனாவால் இரண்டு வரி ஆங்கிலம். போன டிசம்பரில் வந்த அட்டையில் விலங்கு இல்லை. வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு தாமரை.

“என்ன மாப்ள, இந்த வருசம் குதிரைல்ல வரணும்?” என்றார் கண்ணுச்சாமி.

“பொற்றாமரை மாமா இது. நம்ம ஊருக்கு வர்றாங்கல்ல, நமக்குன்னே அடிச்சிருக்காங்க.”

“அம்புட்டு விவரமா அந்தம்மா? சரி, முன்கூட்டியே வந்திருச்சே?”

“கிளம்புற வேலை இருக்கும்ல. அதான் வெரசா போட்டுட்டாங்க.”

“கையால ரெண்டு வரி எழுதுமே?”

“எழுவத்தொம்போது வயசு. கை நடுங்கும் மாமா. நீ இன்னும் டிக்கெட் செக் பண்ற மாதிரியே பேசுற.”

அட்டையை ஷோகேஸில் தெருவைப் பார்க்க நிறுத்தி, சுற்றிலும் சீரியல் பல்பு மாட்டினார். டீச்சர் அந்தக் கடிதத்தோடு அனுப்பிய பவரில் செய்து வைத்திருந்த பத்தாவது கண்ணாடியை மறுநாளே பார்சல் போட்டார். உள்ளே ஒரு கடிதம்: ‘இதைப் போட்டுக்கொண்டுதான் மதுரையில் இறங்க வேண்டும். சாக்குப்போக்குச் சொல்லக் கூடாது.’

பொங்கல் லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து மகள் ஆஷிகா வந்தாள். வரவேற்பு ஃப்ளெக்ஸில் அந்தத் தாமரையைப் போட வேண்டும் என்று அட்டையை எடுத்துக் கொடுத்தார் நஜீம். அவள் போனை அதன்மேல் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள்.

“அத்தா, இதை யாராச்சும் படிச்சீங்களா?”

“என்னத்தைப் படிக்க? வருசப்பொறப்பு வாழ்த்துதான்.”

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். ஜப்பான் எழுத்திருந்த இடத்தில் போன் மொழிபெயர்த்த தமிழ் கோணல்மாணலாக நின்றது. ‘துக்கத்தில் இருப்பதால் புத்தாண்டு வாழ்த்தைத் தவிர்க்கிறோம். தாய் ஹரூகோ அக்டோபரில் காலமானார். வாழ்ந்த காலத்தில் காட்டிய அன்புக்கு நன்றி.’

“சாவு விழுந்த வீட்ல அவங்க வாழ்த்து அனுப்பவும் மாட்டாங்களாம், வாங்கிக்கவும் மாட்டாங்களாம். அதான் டிசம்பர்லயே சொல்லி அனுப்பிடுறாங்க” என்றாள் ஆஷிகா, போனைப் பார்த்துக்கொண்டே.

“இன்னா லில்லாஹி...” என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். ஷோகேஸில் பல்புகள் சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டிருந்தன.

“சாக்குச் சொல்லக் கூடாதுன்னு எழுதியிருக்கேன் புள்ள. போட்டுக்கிட்டுத்தான் எறங்கணும்னு எழுதியிருக்கேன்.”

மன்னிப்புக் கேட்டு, அட்டையை அனுப்பிய டீச்சரின் மகனுக்கு எழுதினார். ஹமானே மன்றத்தின் மெயிலுக்கு எழுதினார். மெயில் அந்த முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. அங்கே மற்றவர்களெல்லாம் எப்போதோ இல்லாமல் போயிருந்தார்கள் போல. டீச்சர் அதைச் சொன்னதே இல்லை. மன்றம் நலம் என்றுதான் கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நஜீமும் அதையேதான் எழுதிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு ஊரு, ரெண்டு ஊருன்னு இருவது வருசமா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம்” என்றார் கண்ணுச்சாமி. “கடைசியில ரெண்டே ஆளுதானா மாப்ள?”

பிப்ரவரி கடைசியில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே துணியில் தனித்தனியாகச் சுற்றிய பத்துக் கண்ணாடிகள். மகன் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதியிருந்தார். அம்மாவின் கண்ணாடிகள் இவை. தகனத்தின்போது கண்ணாடியும் உலோகமும் உடன் வைக்க அனுமதியில்லை. யாருக்காவது பயன்படட்டும். நன்றி.

நஜீம் எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக வைத்தார். முதல் மூன்றும் நன்றாகத் தேய்ந்திருந்தன. லென்ஸில் கீறல், மூக்குத் தாங்கியில் பழுப்பு. பத்தாவது, அவர் அனுப்பிய மாதிரியே இருந்தது. நடுவில் உள்ள ஆறிலும் லென்ஸின் ஓரத்தில் அவரே ஒட்டிய, போடுமுன் உரிக்க வேண்டிய சின்ன ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. பன்னிரண்டு வருஷம். ஒன்றைக்கூட டீச்சர் போட்டுப் பார்த்திருக்கவில்லை.

கண்ணுச்சாமி குனிந்து பார்த்தார்.

“பீரோவுல பத்திரமா வச்சிருந்திருக்கும் மாப்ள. சுந்தரம்மாளுக்கு நல்ல சேலை எடுத்துக் குடுத்தா கட்டவா செய்யிறா? விசேசத்துக்குன்னு மடிச்சு வச்சிருவா.”

நஜீமுக்கு இந்தத் தொழிலில் முப்பது வருஷம். கண்ணாடி சேராதவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ‘நல்லாருக்கு பாய்’ என்று வாங்கிக்கொண்டு போய் வேறு கடையில் செய்துகொள்வார்கள். ஆனாலும் டீச்சர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் பவர் எழுதி அனுப்பினாரே, அது எதற்கு? பீரோவா, மரியாதையா? கேட்பதற்கு அந்தப் பக்கம் இனி ஆள் இல்லை.

“ஆமா மாமா. பீரோவுலதான் வச்சிருப்பாங்க” என்றார்.

செய்யச் சொல்லிவிட்டு வாங்க வராதவர்களின் கண்ணாடிகளுக்கென்று கடையில் கீழே ஓர் இழுப்பறை உண்டு. பத்தையும் பத்துக் கவரில் போட்டு, கடை வழக்கப்படி பெயரும் பவரும் எழுதினார். எதையும் பார்த்து எழுதவில்லை, எல்லாம் மனப்பாடம். இழுப்பறை நிறைந்து மூட மறுத்தது. முழங்காலால் தள்ளி மூடினார்.

கண்ணுச்சாமி வெளியே போய்ப் பலகையை அண்ணாந்து பார்த்தார்.

“இதை என்ன மாப்ள செய்ய? பெயிண்டரைக் கூப்பிடவா?”

“கெடக்கட்டும் மாமா. சீட்டுக் கம்பெனின்னுதானே நெனைக்கிறானுக.”